16 ஜிபிக்குள் இடம் பிடித்துக் கொடுத்தவர்



உங்க கையில இருக்கிறது விலை குறைஞ்ச டேப்லெட்டா? 16 ஜிபி, மிஞ்சிப் போனா 32 ஜிபி? அப்படின்னா இடம் போதவில்லைங்கிற அறிவிப்பு உங்களுக்கு நல்லா பழகிப் போயிருக்கும். ஒரு புது ஆப் போடணும்னா பழைய ஆப் ஒண்ணைத் தூக்கணும். செமஸ்டர் நோட்ஸ் வேணும்னா டூர் போட்டோக்களை அழிக்கணும்.

ஆனா ஒரு நிமிஷம் இப்படி யோசிச்சுப் பாருங்க. 8 மெகாபிக்சல் போட்டோ ஒண்ணுல 80 லட்சம் புள்ளிகள் இருக்கு. ஒரு புள்ளியின் நிறத்தை எழுத 3 பைட். அப்படியே சேமிச்சா ஒரு போட்டோவுக்கு 24 எம்பி ஆகும். உங்க 16 ஜிபி முழுசும் காலியா இருந்தாலும் 700 போட்டோ கூட அடங்காது. சிடி தரத்தில் நாலு நிமிஷப் பாட்டு ஒண்ணு 42 எம்பிக்கு மேல வரும். இந்தக் கணக்குல பார்த்தா உங்க டேப்லெட் என்னைக்கோ நிறைஞ்சிருக்கணும். நிறையாம இருக்கிறதுக்குப் பல பேர் காரணம். அதுல ஒருத்தர், பரீட்சைக்குப் பதிலா ஒரு அசைன்மென்ட் எழுத ஒத்துக்கிட்ட மாணவர். பெயர் டேவிட் ஹஃப்மன்.

இந்தப் பேரை நீங்க ஏற்கனவே கேள்விப்பட்டிருப்பீங்க. அல்காரிதம் பாடத்துல கிரீடி முறைன்னு வரும்போது ஹஃப்மன் மரம் வரும். 13 மார்க் கேள்விக்கு மரம் வரைஞ்சு பழகியிருப்பீங்க. மரத்தை வரைஞ்ச நமக்கு அதை முதலில் வரைஞ்ச மனுஷனைத் தெரியாது. இந்த இதழில் அவர் கதையைப் பார்ப்போம்.

ஓஹையோவிலிருந்து கடற்படைக்கு

டேவிட் ஹஃப்மன் 1925 ஆகஸ்ட் 9 அன்று அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் பிறந்தார். படிப்பில் வேகம். ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் எலக்ட்ரிக்கல் இன்ஜினியரிங் பட்டத்தை 1944ல் வாங்கும்போது அவருக்கு வயசு 18 தான். நம்மில் பல பேர் முதல் வருஷ ஹாஸ்டலில் பெட்டி இறக்கிற வயசு அது.

அப்போது இரண்டாம் உலகப் போர் நடந்துகிட்டு இருந்தது. பட்டம் வாங்கினதும் அமெரிக்கக் கடற்படையில் சேர்ந்தார். போர்க்கப்பல் ஒன்றில் ரேடார் பராமரிப்பு அதிகாரி வேலை. போர் முடிஞ்ச பிறகும் ஜப்பான், சீனக் கடற்பகுதிகளில் கண்ணிவெடிகள் மிதந்துகிட்டு இருந்தன. அவற்றை அகற்றும் பணியில் அவர் கப்பலும் இருந்தது. அங்கிருந்து திரும்பி வந்து, அதே ஓஹையோ பல்கலைக்கழகத்தில் 1949ல் முதுகலைப் பட்டம் வாங்கினார். அடுத்து முனைவர் பட்டத்துக்காக மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம், அதாவது எம்ஐடி. (நம்ம குரோம்பேட்டை எம்ஐடி இல்லைங்க, பாஸ்டன் பக்கத்துல இருக்கிறது.)

அவர் அங்கே போன காலம் முக்கியமானது. ஏன்னு புரிய, ஒரு வருஷம் பின்னாடி போகணும்.

ஷானன் வைத்த எல்லைக்கோடு

1948ல் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த கிளாட் ஷானன் ஒரு கட்டுரை வெளியிட்டார். தகவல் என்பதையே பிட் கணக்கில் அளக்கலாம்னு அதில் காட்டினார். தகவல் கோட்பாடு என்ற துறையே அந்தக் கட்டுரையிலிருந்துதான் பிறந்தது. அதில் நம்ம டேப்லெட்டுக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்ட விஷயம் ஒண்ணு உண்டு. ஒரு தகவலை ஒரு துளியும் இழக்காமல் எவ்வளவு சுருக்கலாம் என்பதற்கு ஒரு எல்லை இருக்கு. அதற்குக் கீழே யாராலும் போக முடியாது.

எல்லை எங்கேன்னு ஷானன் சொல்லிட்டார். ஆனா அதை நெருங்கிப் போகச் சிறந்த வழி எது? அதுதான் தெரியல.

ஒரு உதாரணம் எடுத்துக்குவோம். ஒரு ஹாஸ்டல் மெஸ். காலை டிபன் ஐந்தே வகை. 100 நாள் கணக்கைப் பார்த்தா இட்லி 38 நாள், பொங்கல் 18, உப்புமா 16, பூரி 15, தோசை 13. இந்த 100 நாள் மெனுவை வெறும் 0, 1 வைத்து எழுதணும்.

யோசிக்காம எழுதினா ஒவ்வொரு டிபனுக்கும் 3 பிட் வேணும். 2 பிட்ல நாலு வகைதான் வரும், நமக்கோ அஞ்சு இருக்கு. ஆக 100 நாளைக்கு 300 பிட். ஆனா இட்லிதான் அடிக்கடி வருது. அதற்குச் சின்னக் குறியீடும், எப்பவோ வரும் தோசைக்குப் பெரிய குறியீடும் கொடுத்தா மிச்சம் பிடிக்கலாமே? மோர்ஸ் தந்தியில் இதே தந்திரம்தான். ஆங்கிலத்தில் அதிகம் வரும் இ என்ற எழுத்துக்கு ஒரே ஒரு புள்ளி.

ஒரு நிபந்தனை மட்டும் உண்டு. எந்தக் குறியீடும் இன்னொரு குறியீட்டின் தொடக்கமாக இருக்கக் கூடாது. இட்லிக்கு 0, பொங்கலுக்கு 01ன்னு வைத்தா, 0 வந்ததும் அது இட்லியா, பொங்கலின் பாதியான்னு குழப்பம் வந்துடும்.

எம்ஐடியில் பேராசிரியராக இருந்த ராபர்ட் ஃபானோ இதற்கு ஒரு முறை வைத்திருந்தார். இத்தாலியின் டூரின் நகரில் பிறந்து அமெரிக்கா வந்தவர். அவர் முறை மேலிருந்து கீழே வரும். மொத்தப் பட்டியலையும் முடிந்த அளவு சமமான இரண்டு பங்காக வெட்டு. ஒரு பங்குக்கு 0, இன்னொன்றுக்கு 1. பிறகு ஒவ்வொரு பங்கையும் அதே மாதிரி வெட்டிக்கிட்டே போ.

நம்ம மெனுவில் செய்து பாருங்க. இட்லியும் பொங்கலும் ஒரு பக்கம் (56), மற்ற மூணும் இன்னொரு பக்கம் (44). அப்படியே வெட்டிக்கிட்டே போனா இட்லி 00, பொங்கல் 01, உப்புமா 10, பூரி 110, தோசை 111. மொத்தம் 228 பிட். 300லிருந்து 228 நல்ல குறைவுதான். ஆனா ஒண்ணு கவனிச்சீங்களா? 38 நாள் வரும் இட்லிக்கும் 2 பிட், 16 நாள் வரும் உப்புமாவுக்கும் 2 பிட். முதல் வெட்டில் நடந்த தவறைக் கீழே எங்கேயும் திருத்த வழியில்லை.

ஷானன் சூத்திரப்படி இந்த மெனுவின் எல்லை சுமார் 219 பிட். 228க்கும் 219க்கும் நடுவில் இன்னும் இடம் இருக்கு. அதை எப்படிப் பிடிப்பது? ஷானனும் சரி, ஃபானோவும் சரி, இதற்கு விடை காணவில்லை.

பரீட்சையா, பேப்பரா?

1951. ஃபானோவின் தகவல் கோட்பாட்டு வகுப்பில் ஹஃப்மன் உட்கார்ந்திருக்கார். வயசு 25. செமஸ்டர் முடிவுக்கு ஃபானோ இரண்டு வழி கொடுத்தார். இறுதிப் பரீட்சை எழுதலாம். இல்லைன்னா ஒரு டேர்ம் பேப்பர் எழுதலாம். பேப்பர் எழுதறவங்களுக்குப் பரீட்சை கிடையாது. பேப்பருக்கான கேள்வி பார்க்க எளிமையாத்தான் இருந்தது. எண்களையோ எழுத்துக்களையோ 0, 1 கொண்டு எழுத மிகச் சிறந்த, அதாவது மிகக் குறைந்த பிட் எடுக்கும் முறையைக் கண்டுபிடிக்கணும்.

பரீட்சையிலிருந்து தப்பிக்க யாருக்குத்தான் ஆசை இல்லை? ஹஃப்மன் பேப்பரைத் தேர்ந்தெடுத்தார்.

ஃபானோ ஒரு விஷயத்தைச் சொல்லவே இல்லை. தானும் அந்தத் துறையைத் தொடங்கி வைத்த ஷானனுமே மோதிப் பார்த்துத் தோற்ற கணக்கு இது என்று வகுப்பில் மூச்சு விடவில்லை. தெரிந்திருந்தால் நான் முயற்சியே செய்திருக்க மாட்டேன் என்கிற மாதிரி ஹஃப்மனே பல வருஷம் கழித்துச் சொல்லியிருக்கார்.

மாசக்கணக்கில் உட்கார்ந்தார். பல முறைகள் வந்தன. ஒவ்வொன்றும் நல்லாத்தான் இருந்தது. ஆனா இதைவிடச் சிறந்தது இருக்கவே முடியாதுன்னு எதையும் நிரூபிக்க முடியவில்லை. பேப்பர் கேட்டது சிறந்த முறையை. நல்ல முறை மட்டும் போதாது.

கடைசியில் வெறுத்துப் போய், பரீட்சைக்கே படிச்சுடலாம்னு முடிவு செய்தார். எழுதி வைத்திருந்த குறிப்புகளைக் குப்பைக் கூடையில் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில்தான் விடை பளிச்சென்று தோன்றியது. தன் வாழ்க்கையிலேயே அது போல் இன்னொரு தருணம் இல்லைன்னு பின்னாளில் அவர் சொன்னதுண்டு.

விடை என்ன தெரியுமா? ஃபானோ மேலிருந்து வந்தார். இவர் கீழிருந்து தொடங்கினார். அவ்வளவுதான்.

கீழிருந்து கட்டிய மரம்

நம்ம மெனுவுக்கே வருவோம். ஹஃப்மன் இட்லியைத் தொடவே இல்லை. பட்டியலின் கடைசிக்குப் போனார். இருப்பதிலேயே குறைவாக வரும் இரண்டு எவை? தோசை 13, பூரி 15. எந்தச் சிறந்த குறியீட்டிலும் மிக நீளமான குறியீடு இந்த இரண்டுக்கும்தான் போக வேண்டும். அதனால் இரண்டையும் கடைசி பிட்டில் மட்டும் வேறுபடுகிற ஜோடியாக வைத்தால் எந்த நஷ்டமும் இல்லை. ஜோடியாக்கியாச்சு. இனி அது 28 நாள் வரும் ஒரே பொருள். அஞ்சு பொருள் கணக்கு நாலு பொருள் கணக்காகக் குறைந்தது.

மறுபடி அதே வேலை. இப்போ இருப்பவை 38, 28, 18, 16. கடைசி இரண்டும் உப்புமாவும் பொங்கலும். சேர்த்தா 34. அடுத்து 38, 34, 28. கடைசி இரண்டையும் சேர்த்தா 62. மிச்சம் இட்லி 38ம் அந்த 62ம். சேர்த்தா 100, மரம் முடிந்தது.

மேலிருந்து படித்தா இட்லிக்கு 0. தோசை 100, பூரி 101, உப்புமா 110, பொங்கல் 111. இட்லிக்கு 38 பிட், மற்ற 62 நாளைக்கு மூன்று மூன்றாக 186 பிட். மொத்தம் 224. ஃபானோவின் 228ஐ விடக் குறைவு.

நாலு பிட் ஒரு பெரிய விஷயமான்னு கேட்கலாம். 224 என்ற எண்ணைவிட முக்கியமானது அதற்குப் பின்னால் இருக்கும் உறுதி. ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியாக ஒரு குறியீடு கொடுக்கும் முறைகளில் இதைவிடச் சின்னது இருக்கவே முடியாதுன்னு ஒவ்வொரு படியிலும் நிரூபிக்கலாம். மாசக்கணக்கில் அவருக்குக் கிடைக்காமல் இருந்தது அந்த நிரூபணம்தான். குப்பைக் கூடை பக்கத்தில் முறையும் நிரூபணமும் ஒன்றாக வந்து சேர்ந்தன.

பரீட்சை எழுத வேண்டிய அவசியம் வரவில்லை. அந்த டேர்ம் பேப்பர் 1952 செப்டம்பரில், அமெரிக்க ரேடியோ பொறியாளர் கழகத்தின் இதழில் ஆய்வுக் கட்டுரையாக வெளியானது. சில பக்கங்களே கொண்ட கட்டுரை. இன்றைக்கும் கம்ப்யூட்டர் சயின்ஸ் மாணவர்கள் உலகம் முழுக்க அதைப் படிக்கிறார்கள்.

காசு கேட்காத கண்டுபிடிப்பு

1953ல் முனைவர் பட்டம். அந்த ஆய்வு சுருக்குதல் பற்றியது இல்லை. முந்தைய நிலையை நினைவில் வைத்துக்கொண்டு வேலை செய்யும் ஸ்விட்சிங் சர்க்யூட்களை வடிவமைப்பது பற்றியது. டிஜிட்டல் லாஜிக் பாடத்தில் சீக்வென்ஷியல் சர்க்யூட், ஃப்ளோ டேபிள் எல்லாம் படிச்சீங்களே, அதுக்கு அடித்தளம் போட்டவர்களில் இவரும் ஒருவர். இந்த ஆய்வுக்காக 1955ல் ஃபிராங்க்ளின் நிறுவனத்தின் லெவி பதக்கம் கிடைத்தது. எம்ஐடியிலேயே ஆசிரியரானார்.

ஹஃப்மன் தன் குறியீட்டுக்குக் காப்புரிமை வாங்கவில்லை. எந்தக் கண்டுபிடிப்புக்கும் வாங்க முயலவும் இல்லை. பாடம் நடத்துவதிலேயே கவனமாக இருந்தார். இது ஏன் முக்கியம்னா, சுருக்கும் முறைகளின் கதையில் காப்புரிமைச் சண்டை நிறைய உண்டு. ஜிஃப் படங்களுக்குள் இருக்கும் எல்இசட்டபிள்யூ முறைக்குக் காப்புரிமை வைத்திருந்த யூனிசிஸ் நிறுவனம், 1990களில் அதைப் பயன்படுத்தும் மென்பொருள்களிடம் உரிமத் தொகை கேட்டது. அந்தக் கோபத்தில்தான் பிஎன்ஜி என்ற படவகையே உருவானது. பிஎன்ஜிக்குள் ஹஃப்மன் முறை இருக்கு.

ஜேபெக் கதையும் அப்படித்தான். 1992ல் வந்த அந்தத் தரத்தில் ஹஃப்மன் முறைக்கும், அதைவிடக் கொஞ்சம் நன்றாகச் சுருக்கும் அரித்மெட்டிக் கோடிங் என்ற முறைக்கும் இடம் இருந்தது. இரண்டாவதில் காப்புரிமைகள் சிக்கியிருந்தன. யாரையும் காசு கேட்காத ஹஃப்மன் முறையையே எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். நீங்க எடுக்கிற ஒவ்வொரு ஜேபெக் போட்டோவிலும் கடைசிக் கட்ட வேலை அதுதான்.

ஜிப்புக்குள்ளும் அவர் இருக்கார். 1977ல் இஸ்ரேலைச் சேர்ந்த ஆபிரகாம் லெம்பல், ஜேக்கப் ஜிவ் இருவரும் வேறொரு வழி சொன்னார்கள். ஏற்கனவே வந்த வாக்கியத் துண்டு மறுபடி வந்தால் அதைத் திரும்ப எழுதாதே, இத்தனை எழுத்து பின்னால் போய் இத்தனை எழுத்தை எடுத்துக்கொள் என்று மட்டும் எழுது. 1990களின் தொடக்கத்தில் ஃபில் கட்ஸ் என்ற அமெரிக்க நிரலாளர் இந்த இரண்டையும் சேர்த்தார். முதலில் திரும்ப வருவதை நீக்கு, மிஞ்சியதை ஹஃப்மன் மரத்தில் எழுது. ஜிப் கோப்புகளுக்குள் இன்றுவரை நடப்பது இதுதான். ஆண்ட்ராய்டு ஆப் வரும் ஏபிகே கோப்பு என்ன தெரியுமா? அதுவும் ஒரு ஜிப் தான். வேர்டு கோப்பான டாக்ஸ், மின்னூல் வகையான ஈபப் ரெண்டும் அப்படியே. எம்பி3 பாட்டுக்குள்ளும் ஹஃப்மன் உண்டு.

ஒரு விஷயம் நேர்மையாகச் சொல்லணும். 42 எம்பி பாட்டு 4 எம்பிக்குக் கீழே வருவதும், 24 எம்பி போட்டோ சில எம்பிக்கு வருவதும் ஹஃப்மனால் மட்டும் இல்லை. நம்ம காதும் கண்ணும் கவனிக்காத நுணுக்கங்களை முதலில் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். பெரிய குறைப்பு அங்கே நடக்கும். மிஞ்சியதை ஒரு துளி இழக்காமல் இறுக்கிக் கட்டுவதுதான் ஹஃப்மனின் வேலை.

காகிதம் மடித்த பேராசிரியர்

1967ல் எம்ஐடியை விட்டு, கலிஃபோர்னியாவின் சாண்டா குரூஸ் நகரில் புதிதாக வளர்ந்துகொண்டிருந்த பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே கம்ப்யூட்டர் சயின்ஸ் துறையை உருவாக்கியவர்களில் ஒருவர். 1970 முதல் 1973 வரை துறைத்தலைவர்.

அவர் சும்மா இருக்கிற ஆள் இல்லை. 1971ல், காகிதத்தில் வரைய முடியும் ஆனால் நிஜத்தில் இருக்க முடியாத உருவங்கள் பற்றி எழுதினார். ஒரு கோட்டுப்படத்தைப் பார்த்து அது உண்மையான பொருளா, இல்லையான்னு கம்ப்யூட்டர் கண்டுபிடிக்க அது உதவியது. கம்ப்யூட்டர் விஷன் துறையின் ஆரம்பப் பாடங்களில் அதுவும் ஒன்று.

அடுத்து காகிதம் மடிப்பு. பொதுவாகக் காகிதத்தை நேர்கோட்டில் மடிப்போம். இவர் வளைகோட்டில் மடித்தார். வெட்டாமல், ஒட்டாமல், ஒரே தாளில் கோபுரம் போலவும் அலை போலவும் உருவங்கள் வந்தன. அதன் கணிதத்தை 1976ல் ஒரு கட்டுரையாகவும் எழுதினார். தாளை இழுக்கவோ கிழிக்கவோ கூடாது, இருக்கிற பரப்புக்குள்ளேயே எல்லாம் நடக்கணும். யோசிச்சுப் பார்த்தா, 1951ல் அவர் போட்ட கணக்கும் இதே குணம் உள்ளதுதான்.

1994ல் ஓய்வு பெற்றார். அதன் பிறகும் தகவல் கோட்பாடும் சிக்னல் பகுப்பாய்வும் வகுப்பெடுத்துக்கொண்டு இருந்தார். 1999ல் மின்-மின்னணுப் பொறியாளர்களின் ஐட்ரிபிள்இ அமைப்பு ஹாமிங் பதக்கத்தை அவருக்கு அளித்தது. அதே வருஷம் அக்டோபர் 7 அன்று, பத்து மாதம் புற்றுநோயோடு போராடி, 74 வயதில் காலமானார். அப்போதே உலகம் எம்பி3 பாட்டு கேட்கத் தொடங்கியிருந்தது. ஜிப்பும் ஜேபெக்கும் எல்லாக் கம்ப்யூட்டரிலும் இருந்தன. அந்த மரத்திலிருந்து ஒரு ரூபாய்கூட உரிமத் தொகையாக அவருக்குப் போகவில்லை. அவருக்குக் கிடைத்தது பரீட்சை எழுதாமல் தப்பித்த ஒரு செமஸ்டர்.

இப்போ உங்க டேப்லெட்டுக்கு வருவோம்

ஹஃப்மன் கதை தெரிஞ்சா, இடம் மிச்சப்படுத்துறதில் எது வேலைக்கு ஆகும், எது ஆகாதுன்னு நீங்களே சொல்லிடலாம்.

முதல் விஷயம், போட்டோக்களையும் எம்பி3 பாட்டுகளையும் ஏபிகேகளையும் ஜிப் பண்ணி வெச்சா இடம் மிச்சமாகாது. அவை ஏற்கனவே சுருங்கியவை. ஒரு முறை நல்லா சுருக்கின கோப்பில் எது அடிக்கடி வருது, எது அரிதா வருதுங்கிற வித்தியாசமே பெரிசா இருக்காது. சுருக்க எதுவும் மிச்சமில்லை. ஜிப்பையே மறுபடி ஜிப் பண்ணினாலும் அதே கதிதான். மெமரியை இரண்டு மடங்காக்கிக் காட்டுறேன்னு சொல்ற ஆப்களை நம்பாதீங்க. ஷானன் போட்ட கோட்டை அவங்க தாண்ட முடியாது. அவங்க விளம்பரம்தான் உங்க இடத்தைத் தின்னும்.

ஜிப் பண்ணினா நல்லா சுருங்குறவை புரோகிராம் கோப்புகள், சிஎஸ்வி அட்டவணைகள், லேப் ரீடிங் லாக் கோப்புகள், வெறும் டெக்ஸ்ட் கோப்புகள். அதிலும் தமிழ் டெக்ஸ்ட் இருக்கே, பிரமாதமா சுருங்கும். யூனிகோடில் தமிழ் எழுத்தை யுடிஎஃப்-8 முறையில் சேமிக்கும்போது க என்ற ஒரே எழுத்து 3 பைட் எடுக்கும். புள்ளி வைத்த க் 6 பைட். ஆனா அந்த மூன்று பைட்டில் முதல் பைட் எப்பவும் 224. இரண்டாவது 174 அல்லது 175, இரண்டே வாய்ப்புதான். மூணாவதில்தான் எழுத்தே இருக்கு. இதைவிட ஹஃப்மனுக்கு என்ன வேணும்? நம்ம மெஸ் இட்லி மாதிரி அடிக்கடி வரும் 224க்குச் சின்னக் குறியீடு கிடைச்சுடும்.

ஒரே போட்டோ நாலு குரூப்பிலிருந்து நாலு காப்பி வந்திருந்தா ஜிப் அதைக் கண்டுபிடிக்காது. ஜிப் முறை வழக்கமா 32 கேபி தூரம் வரைக்கும்தான் திரும்பிப் பார்க்கும். அதைவிடப் பெரிய போட்டோவின் இரண்டாவது காப்பி அதற்குப் புதுசு மாதிரிதான். காப்பிகளை நீங்களே தேடி அழிக்கணும்.

நோட்ஸை போட்டோவா எடுத்து வெச்சுக்கிறவங்க கவனிக்க. கலர் புள்ளிக்கு 24 பிட், கறுப்பு வெள்ளைப் புள்ளிக்கு ஒரே பிட். ஸ்கேனர் ஆப்பில் கறுப்பு வெள்ளையா மாத்தினா, சுருக்குறதுக்கு முன்னாடியே அளவு 24ல் ஒரு பங்கு ஆகிடும். பழைய ஃபேக்ஸ் மெஷின்கள் பக்கங்களை அனுப்பினதும் கறுப்பு வெள்ளைப் புள்ளிகளை ஹஃப்மன் முறையில் எழுதித்தான்.

ஆப் டவுன்லோட் ஆகும்போது காட்டும் அளவை நம்பி இடம் ஒதுக்காதீங்க. வந்தது ஜிப். உள்ளே போட்ட பிறகு விரிச்சு வைக்கிறதும், ஓடும்போது சேரும் கேஷும் சேர்ந்து அளவு கூடும். அடிக்கடி தொடாத ஆப்பா இருந்தா அதோட வெப்சைட்டை பிரவுசரில் திறந்தாலே போதும்.

கடைசியா எதை வெச்சுக்கிறது, எதைத் தூக்குறதுன்னு குழம்பினா ஹஃப்மன் மாதிரி கீழிருந்து தொடங்குங்க. பிடிச்ச ஆப்களை வரிசைப்படுத்துறதில் நேரம் போக்காதீங்க. கடைசியா எப்போ திறந்தோம்னே நினைவில்லாத இரண்டை முதலில் பிடிங்க. அது கோப்பா இருந்தா மெமரி கார்டுக்கோ பென்டிரைவுக்கோ போகட்டும். ஆப்பா இருந்தா நீக்கிடலாம், வேணும்னா மறுபடி போட்டுக்கலாம். அப்புறம் மிச்சத்தில் கடைசி இரண்டு. தினமும் திறக்கிறதுக்கு மட்டும் உள் மெமரி. அடிக்கடி வர்றதுக்குக் குறுகின வழி, அரிதா வர்றதுக்கு நீண்ட வழி. 1951 கணக்கின் விதி இதேதான்.

இன்னைக்கே ஒரு சோதனை செய்து பாருங்க. நீங்க தமிழில் எழுதின ஒரு டெக்ஸ்ட் கோப்பு, ஒரு ஜேபெக் போட்டோ. இரண்டையும் தனித்தனியா ஜிப் பண்ணி, முன்னாடி எவ்வளவு, பின்னாடி எவ்வளவுன்னு எழுதி வைங்க. டெக்ஸ்ட் எவ்வளவு இறங்குது, போட்டோ ஏன் அசையாம நிக்குதுன்னு பக்கத்துல இருக்கிற நண்பருக்கு விளக்கிச் சொல்லுங்க. அடுத்த பரீட்சையில் அந்த 13 மார்க் வந்தா, மரத்தைக் கீழிருந்து கட்டத் தொடங்கும்போது குப்பைக் கூடை பக்கத்தில் நின்ற அந்த 25 வயசு மாணவரையும் ஒரு தடவை நினைச்சுக்குங்க.